கொடைக்குக் காமிரா வாங்கப் போகிறீர்களா?
டியூப்லைட்டில் காட்டிப் பார்த்து வாங்குங்கள்!

மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் போரா பஜார் தெரு. காமிராவுக்குப் பேர்போன இடம். சித்திரைக் கொடைக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரசில் டிக்கெட் போட்டுவிட்டு, இந்தத் தெருவையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகிற நெல்லைச் சீமைக்காரர்கள் உண்டு.

கையில்தான் செல்போன் இருக்கிறதே, காமிரா எதற்கு? பகலுக்குச் செல்போன் போதும். ஆனால் மாடன் கோயில் கொடை களைகட்டுவது ராத்திரியில். கூட்டத்துக்குப் பின்னால் நின்று பெரிதாக்கி எடுத்தால், பல செல்போன்களில் முகம் கரைந்துபோகிறது.

தாராவியில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவின் அப்பா, ஊரில் சுடலைமாடசாமி கோயில் கோமரத்தாடி. 2023 கொடையில், நடுச்சாமத்தில் அப்பா அருள் வந்து ஆடியதை மகன் சட்டைப்பைக் காமிராவில் வீடியோ எடுத்தார். மும்பை திரும்பி டி.வி.யில் போட்டுப் பார்த்தால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள்! அப்பாவின் முகம் பட்டைக்குள் போய்ப் போய் வந்தது. அடுத்த கொடைக்கு அப்பா இல்லை.

பட்டை ஏன் விழுகிறது?

காமிராவில் கோளாறு ஒன்றும் இல்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் சோக் வைத்த டியூப்லைட்டும், மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவும் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. காமிராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை நொடியில் 50-ல் ஒரு பங்கு என்று கையால் நிறுத்தி, வீடியோவை நொடிக்கு 25 அல்லது 50 படம் என்று வைத்தால் பட்டை அடங்கிவிடும். (ஜெனரேட்டர் ஓடினால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.)

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே உள்ள திருகில் 'எம்' என்ற எழுத்து இருந்தால் எல்லாம் நம் கையில் என்று நினைக்கிறார்கள். போட்டோவுக்கு மட்டும் அந்த வசதியைக் கொடுத்துவிட்டு, வீடியோவில் தானே முடிவு செய்துகொள்ளும் காமிராக்கள் எத்தனையோ! வீடியோவிலும் ஷட்டரை நிறுத்த முடிகிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால் போதாது, செய்து பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஒளி விழும் சென்சார். மலிவான சின்னக் காமிராக்களில் இது சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர்தான். ஒரு அங்குல ரகம் எனப்படுவதில் 13.2-க்கு 8.8. பரப்பில் நாலு மடங்கு. ராத்திரி படத்துக்கு மெகாபிக்சலைவிட இதுதான் முக்கியம். 2012-ல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100 இந்த ரகம். வீடியோவிலும் ஷட்டரைக் கையால் வைக்கலாம். பழையதாகத் தேடுகிறவர்களுக்கு இது மோசமில்லை. ஆனால் ஜூமை இழுக்க இழுக்க உள்ளே வரும் வெளிச்சம் குறையும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போய் நிற்பதுதான் வழி. அதில் தனி மைக் செருகவும் இடமில்லை. வில்லுப்பாட்டைத் தெளிவாகப் பதிய ஆசைப்பட்டால், 2019-ல் வந்த கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3 போல மைக் துளை உள்ளதாகப் பார்க்க வேண்டும். அதற்குக் காசு கூட.

ஜப்பானில் விற்கச் செய்த சரக்கு சகாயமாகக் கிடைத்தால் உஷார்! சில மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். நொடிக்கு 25, 50 படம் என்று மாற்ற முடியாததும் உண்டு. பல காமிராக்கள் 29 நிமிடத்தில் பதிவை நிறுத்திவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். சாமி வரும் நேரமாகப் பார்த்து நின்றால் வம்பு.

தாராவிக்காரர் இந்த வருஷம் மறுபடியும் போரா பஜாருக்கு வந்தார். இப்போது ஆடுவது அண்ணன். கடையில் உயர்ந்த ரக எல்.இ.டி. விளக்கு, அதில் எந்தக் காமிராவும் பட்டை காட்டாது. "டீக்கடை டியூப்லைட்டில் பார்க்கலாமா?" என்றார். கடைப் பையனும் காமிராவின் வாரை விடாமல் கூடவே வந்தான். ஷட்டரை 500-ல் ஒரு பங்கில் வைத்தார். பட்டை ஓடியது. 50-ல் ஒரு பங்குக்குத் திருப்பினார். மறைந்தது. லென்சை நாலு தடவை உள்ளே வெளியே இழுத்துப் பார்த்தார். பிறகுதான் விலை பேசத் தொடங்கினார், கூட ஒரு பேட்டரியும் கேட்டு.