கோப்புகளுக்கு ஒரு சாட்சியேடு

ஏட்டைப் பார்த்துப் பிரதி செய்பவர் ஓரெழுத்தைப் பிழைபட எழுதினால், படிப்பவர் பொருளை நோக்கி அதனைத் திருத்திக்கொள்வார். கணினியிடம் அத்தகைய தயவை எதிர்பார்த்தல் இயலாது. செய்நிரலில் ஓரெழுத்து மாறினும் அது இயங்காது போகலாம். அதனினும் தீதாக, இயங்கிக்கொண்டே தவறான விடை தரலாம்.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தனியாள் கணினிகள் பரவியபோது இவ்வச்சம் பலரையும் வருத்தியது. கறி கில்டோல் ஆக்கிய சீ.பி.எம். என்னும் இயக்கமுறைமையைக் கையாண்டோர், தம் செய்நிரல்களை எட்டு அங்குல நெகிழ்வட்டுக்களிற் பதித்துத் தமக்குட் பரிமாறிக்கொண்டனர். அவ்வட்டின் பொதுவான அமைப்பில் 77 தடங்களும், தடமொன்றுக்கு 26 பகுதிகளும், பகுதியொன்றில் 128 எழுத்துக்களும் இருந்தன. வட்டில் நேர்ந்த பழுதை வட்டுக்கருவி பெரும்பாலும் தானே அறிவித்துவிடும். ஆனால், பிரதி செய்கையில் கணினியின் நினைவகத்திலோ தொலைபேசிக் கம்பியிலோ ஓரெழுத்து மாறி, மாறிய எழுத்தே ஒழுங்காகப் பதிவாகிவிட்டால், கருவிக்கு அதிற் குறையொன்றுந் தோன்றாது. பழுதான பிரதியிலிருந்து மேலும் பல பிரதிகள் பிறக்கும். எது மூலம், எது பழுது என்று சொல்ல யாருமிலர்.

இதற்குக் கண்ட பரிகாரமே சரிபார்ப்பெண். கணினியில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகவே இருக்கின்றது. அவ்வெண்களைக் கூட்டி வந்த தொகையைக் குறித்து வைத்தால், பின்னொருகால் மீண்டுங் கூட்டி ஒப்பிடலாம். 1977இல் வாட் கிறிஸ்ரென்சன் தொலைபேசி வழியே கோப்பனுப்ப வகுத்த முறையில், 128 எழுத்துக்களுக்கு ஒருமுறை இத்தகைய தொகை உடன் சென்றது. ஆயினும் வெறுங் கூட்டலில் ஒரு குறை உண்டு. 3, 7, 5 என்பவற்றின் தொகை 15. அவை 7, 3, 5 என்று இடம்மாறினும் தொகை 15தான்.

அக்குறையை நீக்குவது வகுத்தல் முறை. கோப்பு முழுவதையும் ஒரே பேரெண்ணாகக் கொண்டு, குறித்த ஒரு வகுத்தியால் தனிவகைக் கணக்கில் வகுத்து, மீதியை மட்டும் எடுத்துக்கொள்வது அது. இம்முறைபற்றி வெஸ்லி பீற்றர்சன், பிறவுண் என்னும் இருவர் 1961இல் விரிவாக எழுதினர். இடம்மாறினால் மீதியும் மாறும். பதினாறு துணுக்கு மீதிக்கு 65,536 பெறுமானங்கள் உள. ஆகவே தற்செயலான பழுதொன்று அகப்படாது தப்புவது மிக அரிது.

கீத் பீற்றர்சன் எழுதிய கிரக் என்னும் செய்நிரல், வட்டிலுள்ள கோப்புக்கள் ஒவ்வொன்றுக்கும் இம்மீதியைக் கணித்துப் பட்டியலாக்கியது. பயனர் சங்கங்கள் வெளியிட்ட வட்டுக்களில் அப்பட்டியலும் ஒரு கோப்பாக இடம்பெற்றது. வட்டைப் பெற்றவர் தம் வீட்டிலே கணித்துப் பார்த்து, எண்கள் ஒத்தால் கவலையின்றி இருக்கலாம்.

எனினும், எண்ணைக் கணிப்பது பாதி வேலையே. பட்டியலை ஒழுங்காகப் பேணுவது மறுபாதி. கோப்பின் பெயர், அளவு, கணித்த நாள், எண் ஆகியவற்றோடு, எந்தச் செய்நிரலாற் கணித்தது என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும். வகுத்தி வேறாயின் பழுதற்ற கோப்பும் வேறெண்ணையே தரும். சீ.பி.எம். கோப்பின் நீளத்தை 128 எழுத்துப் பகுதிகளாகவே கணக்கிட்டது. எனவே கட்டுரை முடிந்த பின்னும் கடைசிப் பகுதியில் வெற்றெழுத்துக்கள் எஞ்சியிருக்கும். கோப்பு வேறு முறைமைக்குப் போகையில் அவை நீங்கினால், கட்டுரை மாறாதிருந்தும் எண் மாறிவிடும். இதனை அறியாதார் நல்ல கோப்பையே பழுதென்று எறிந்துவிடுவர்.

பட்டியலின் ஒரு பிரதியைக் காகிதத்தில் அச்சிட்டு வேறிடத்தில் வைப்பதும் அவசியம். வட்டோடு பட்டியலும் கெட்டால் சாட்சியே இல்லை. இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது: இவ்வெண் தற்செயலான பழுதைக் காட்டுமேயன்றி, வேண்டுமென்றே எண் ஒக்குமாறு திருத்திய வஞ்சகத்தைக் காட்டாது. அதற்கு வேறு வலிய முறைகள் பின்னர் வந்தன.

பட்டியல் கெட்ட கோப்பைச் சீராக்குவதில்லை. கெட்டது இது, கெடாதது இது என்று காட்டுவதே அதன் பணி. நல்ல பிரதி ஒன்று எங்கேனும் மிஞ்சியிருக்கும்போதே அதனைக் காட்டிவிடுமாயின், அதுவே பெரும் உபகாரமாகும்.