‘இணக்கம் காணப்பட்டது’ – அதன் பின்னர்?

ஒவ்வொரு வருட முடிவிலும் எங்கள் அலுவலகத்தில் ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும். வேலைத்தளப் பிரச்சினைகளுடன் எத்தனை பெண்கள் எங்களிடம் வந்தார்கள், எத்தனை பேருடன் நாங்கள் தொழில் அலுவலகத்திற்குச் சென்றோம், எத்தனை பிணக்குகள் தீர்ந்தன என்பதே அதன் சாரம். படிவத்தின் கடைசி நிரலில் இரண்டு பதில்களுக்கு மட்டுமே இடமுண்டு. ஒன்று ‘இணக்கம் காணப்பட்டது’, மற்றையது ‘இணக்கம் காணப்படவில்லை’.

சென்ற முறை அதை நிரப்பும்போது மூன்று பெண்களின் பெயர்களுக்கு எதிரே ‘இணக்கம் காணப்பட்டது’ என்று எழுதினேன். எழுதிய பின்னர் பேனா நகரவில்லை. இந்த மூவரும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் ‘மதிப்பீடு’ பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனால் நாங்கள் செய்யும் வேலையை ஒருநாளாவது மதிப்பிட்டிருக்கிறேனா? அடுத்த வாரமே மூவரையும் தேடிச் சென்றேன்.

சமரசம் என்பது என்ன?

நமது நாட்டில் வேலைத்தளப் பிணக்குகளைப் பேசித் தீர்ப்பதற்கு 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் வழி செய்துள்ளது. தொழில் திணைக்களத்தின் அதிகாரி இரு தரப்பினரையும் அழைத்து, இருவருக்கும் ஏற்புடைய தீர்வொன்றைக் காண முயல்வார். இணக்கம் ஏற்பட்டால் அது எழுத்தில் வரையப்பட்டு இரு தரப்பினரும் கையொப்பமிடுவர். அதன் பின்னர் அந்த நிபந்தனைகள் வேலை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படும்.

இங்கு அந்த அதிகாரி நீதிபதி அல்ல. “நீ செய்தது பிழை, இவ்வளவு கொடு” என்று அவரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கெனவே 1957 இல் மேற்படி சட்டம் திருத்தப்பட்டுத் தொழில் நியாய சபைகள் உருவாக்கப்பட்டன. வேலை நீக்கப்பட்டவர் அங்கு விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணி கட்டாயமில்லை. மீண்டும் வேலை வழங்குமாறோ, அதற்குப் பதிலாக நட்டஈடு வழங்குமாறோ சபை கட்டளையிடலாம்.

வழக்குச் செலவோ பெரிய அலைச்சலோ இல்லாமல் ஒரு மேசையில் அமர்ந்து பேசி முடிப்பது எவ்வளவோ மேல் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. முதலில் நான் சந்தித்த அக்காவின் கதையே அதற்குச் சாட்சி.

திகதி எழுதப்பட்ட காகிதம்

அவர் இருபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் புடவைக் கடை ஒன்றில் ஒன்பது வருடங்கள் நின்றவர். முழங்கால் வருத்தத்தால் விலகியபோது, “விரும்பித்தானே போறாய், பிறகு என்ன காசு?” என்று முதலாளி கேட்டாராம். அக்காவும் அதை நம்பிவிட்டார். உண்மை அதுவல்ல. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடத்தில் ஐந்து வருடங்களைப் பூர்த்தி செய்தவர் தாமாக விலகினாலும் பணிக்கொடைக்கு உரியவர். மாதச் சம்பளம் பெறுபவருக்கு ஒவ்வொரு வருடத்திற்கும் அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 30,000 ரூபா என்றால், ஒன்பது வருடங்களுக்கு 135,000 ரூபா.

அதிகாரி ஒரு காலைப்பொழுதிலேயே இந்தக் கணக்கை முதலாளியின் முன் போட்டுக் காட்டினார். முப்பது நாட்களுக்குள் முழுவதையும் கொடுக்க வேண்டும் என்பதே சட்டம். எனினும் அக்கா மூன்று தவணைகளுக்கு உடன்பட்டார். தவணை ஒவ்வொன்றுக்கும் திகதி எழுதப்பட்டது.

“இரண்டாம் தவணை பிந்திப்போச்சு பிள்ளை. நான் பேப்பரைக் கொண்டுபோய் மேசையில வைச்சன். ஒண்டும் பேசேல்லை. அண்டைக்கே தந்திட்டார்” என்று சிரித்தார். மூன்றாம் தவணையில் ஒரு தையல் இயந்திரம் வாங்கி வீட்டிலேயே தைக்கிறார். இந்த இணக்கம் உண்மையான இணக்கம்.

நான் செய்த தவறு

இரண்டாவது வீட்டு வாசலில் எனக்குக் கால் கூசியது. அந்தத் தங்கச்சிக்கு இருபத்தாறு வயது. பேக்கரி ஒன்றில் ஐந்து வருடங்களாகக் கணக்கெழுதியவர். பெப்ரவரி 6 ஆந் திகதி மாலை, “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று வாயால் சொல்லி நிறுத்திவிட்டார்கள். காரணமும் இல்லை, கடிதமும் இல்லை.

தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்தோம். முதல் தவணைக்கு முதலாளி தரப்பில் எவரும் வரவில்லை. அடுத்த தவணைக்கு வந்த எழுதுநர் தனக்கு முடிவெடுக்கும் அதிகாரமில்லை என்றார். மூன்றாம் முறை சுகவீனம் என்று கடிதம் வந்தது. “மிஸ், நியாய சபைக்குப் போவமா?” என்று தங்கச்சி கேட்டார். நான்தான், “பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது வழக்குக்குப் போனால் அவர்கள் முறுகிவிடுவார்கள், இன்னும் ஒரு தவணை பார்ப்போம்” என்றேன்.

நான்காம் தவணை ஓகஸ்ட் 14. அன்று முதலாளி நேரத்திற்கே வந்துவிட்டார். மிகச் சிறிய தொகை ஒன்றைச் சொன்னார். “விருப்பமெண்டால் எடுக்கட்டும், இனி எங்க போறது?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை நீக்கம் பற்றிய விண்ணப்பத்தை ஆறு மாதங்களுக்குள் நியாய சபையில் தாக்கல் செய்ய வேண்டும். 2003 ஆம் ஆண்டின் திருத்தத்தில் அது தெளிவாக உள்ளது. ஓகஸ்ட் மாதத்து முதல் வாரத்தோடு அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. எங்கள் முறைப்பாடு அலுவலகக் கோப்பில் இருந்ததை நம்பி நான் நாட்களை எண்ணவில்லை. அவர் எண்ணியிருக்கிறார்.

தங்கச்சி அந்தத் தொகையை வாங்கிக்கொண்டு கையொப்பமிட்டார். நான் படிவத்தில் ‘இணக்கம் காணப்பட்டது’ என்று எழுதினேன்.

வீட்டில் அவரிடம் என் தவறைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்கள் வந்து சொன்னதே பெரிசு மிஸ். ஆனால் இனி வாற பிள்ளையளுக்கு முதல் நாளே இதைச் சொல்லுங்கோ” என்றார்.

பேசித் தீர்க்கக் கூடாதவை

மூன்றாவது பெண்ணின் பிரச்சினை வேறு. தனியார் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர் அவருக்குப் பாலியல் தொந்தரவு கொடுத்தார். நிர்வாகமே இருவரையும் ஒரே அறையில் இருத்திச் ‘சமரசம்’ செய்தது. மேற்பார்வையாளர் பொதுவாக ஒரு மன்னிப்புக் கேட்டார். மறுமாதம் அந்தப் பெண் வேறொரு கிளைக்கு மாற்றப்பட்டார். இப்போது இரண்டு பஸ் மாறிப் போகின்றார். தொந்தரவு செய்தவரோ அதே கதிரையில் இருக்கின்றார்.

1995 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு ஒரு குற்றம். ஐந்து வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். குற்றத்தைச் சம்பளப் பிணக்குப் போல ‘இரு தரப்பும் விட்டுக்கொடுங்கள்’ என்று தீர்க்க முற்படுவது, பாதிக்கப்பட்டவரை மட்டும் விட்டுக்கொடுக்கச் செய்வதாகவே முடிகின்றது.

அதேபோன்று ஊழியர் சேமலாப நிதியும் பேரம் பேசும் பொருளல்ல. சம்பளத்தில் ஊழியர் 8 வீதம், தொழில் வழங்குநர் 12 வீதம், அத்துடன் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் வழங்குநர் 3 வீதம். இவை சட்டம் விதித்த கடமைகள். “அதை விட்டுவிடு, கையில் ஏதாவது தருகிறேன்” என்று எவரும் சொன்னால் உடன்பட வேண்டியதில்லை.

எதை அளக்க வேண்டும்?

பிரித்தானியாவில் இத்தகைய சமரசப் பணிக்கென ‘ஏகாஸ்’ என்னும் அமைப்பு 1970களின் நடுப்பகுதியிலிருந்து இயங்குகின்றது. 2014 முதல், தொழில் நியாய சபைக்குச் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் முதலில் அந்த அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். சமரசம் நடைபெறும் நாட்கள் காலக்கெடுவில் சேர்க்கப்படுவதில்லை என்பதே அங்கு எனக்குப் பிடித்த ஏற்பாடு. பேசிப் பார்த்ததற்காக எவரும் உரிமையை இழக்கக் கூடாதல்லவா? அதே நாட்டில் நியாய சபைத் தீர்ப்புப் பெற்றவர்களிடம் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கே முழுத்தொகையும் கிடைத்ததாகக் காட்டியது. காகிதத்தில் கிடைப்பதும் கையில் கிடைப்பதும் ஒன்றல்ல என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தும் போலும்.

ஆகவே இணக்கம் ஏற்பட்டதா என்ற ஒரு கேள்வியால் எந்தச் சமரசச் சேவையையும் மதிப்பிட முடியாது. எங்கள் படிவத்தில் இப்போது வேறு கேள்விகளும் உள்ளன. பணம் எத்திகதியில் கைக்கு வந்தது? சட்டப்படி கிடைக்க வேண்டியதில் எவ்வளவு கிடைத்தது? கையொப்பமிட்ட காகிதம் அவருக்கு விளங்கிய மொழியில் இருந்ததா? அந்த அறையில் அவர் பேசினாரா, அல்லது அவருக்காக நாங்களே பேசினோமா? ஆறு மாதங்களின் பின்னர் அவருக்கு வேலை இருக்கின்றதா? இவற்றுக்குப் பதில் எழுத மறுபடியும் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். இதனால் எங்கள் ‘வெற்றி’ எண்ணிக்கை குறையக்கூடும். குறையட்டும்.

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமலாப நிதி இலக்கம் ஆகியவற்றை வீட்டில் ஒரு கோப்பில் வைத்திருங்கள். வாயால் நிறுத்தினாலும் அந்தத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதங்கள் அன்றிலிருந்தே எண்ணப்படும். சமரசப் பேச்சு நடந்தாலும் காலக்கெடுவுக்குள் நியாய சபைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பித்த பின்னரும் பேசித் தீர்க்கலாம். தவணைப் பணம் என்றால் தொகையும் திகதியும் எழுத்தில் இருக்கட்டும். விளங்காத காகிதத்தை வாசித்து விளக்கும்படி கேளுங்கள். அதுவரை கையொப்பமிடாதீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒவ்வொரு கோப்பின் மேலட்டையிலும் ஒரு திகதி சிவப்பு மையில் எழுதப்படுகின்றது. அது ஆறாவது மாதம் முடியும் நாள். பேக்கரியில் வேலை செய்த அந்தத் தங்கச்சி இப்போது சனிக்கிழமைகளில் எங்களிடம் வந்து உதவுகின்றார். புதிதாக வரும் பெண்ணை இருத்தித் தேநீர் கொடுத்த கையோடு அவர் கேட்கும் முதற் கேள்வி, “அக்கா, உங்களை நிப்பாட்டினது எத்தனையாந் திகதி?”