உங்களுக்குத் தெரியுமா? மாணவருக்கென்று ஒரு சஞ்சிகை

வாலிபரை நாடிச் செல்லும் வழக்கம் பத்திரிகைகளுக்கு இணையத்தோடு வந்ததென்று எண்ணுவோர், பாறசாலையை அடுத்த நெய்யாற்றின்கரையில் 1878-இல் பிறந்து, வக்கம் மௌலவி 1905-இல் ஸ்தாபித்த 'சுதேசாபிமானி' பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை மறு ஆண்டே ஏற்ற கே. ராமகிருஷ்ண பிள்ளையின் சரித்திரத்தை அவசியம் அறிய வேண்டும். திருவிதாங்கூர் திவானின் நிர்வாகத்தை அஞ்சாது கண்டித்த அதே பேனாவைக் கொண்டு, மாணவருக்கென்றே 'வித்யார்த்தி' என்னும் சஞ்சிகையையும் அவர் நடத்தினார். 'சுதேசாபிமானி'க்கென இங்கிலாந்திலிருந்து தருவித்த அச்சு இயந்திரத்தை 1910 செப்டம்பர் 26-இல் திருவிதாங்கூர் அரசாங்கம் பறிமுதல் செய்து அவரை நாடு கடத்திய பின்னரும், பத்திரிகைத் தொழில் பயில விரும்புவோருக்காக மலையாளத்தில் 'விருத்தாந்த பத்திர பிரவர்த்தனம்' என்னும் அரிய நூலை 1912-இல் வெளியிட்டார். இணையமோ வெகுகாலம் கழித்தே பத்திரிகைகளை எட்டிற்று: அவர் ஆசிரியராவதற்கு முன்னரே, 1887-இல் தோன்றிய மலையாளப் பத்திரிகையான 'தீபிகா' 1997-இல் இணையத்தில் ஏறிற்று; சென்னையின் 'தி இந்து' அதற்கு இரண்டாண்டு முன்பே ஏறிவிட்டது.