மேகம் எடிட் செய்த படம்

மொட்டை மாடித் தொட்டியில் நிஷாகந்தி விரிவதை போனில் டைம் லாப்ஸ் எடுத்தாராம் ஒரு வாசகி. "பத்து நொடியில் முடிந்துவிட்டது, பூவைப் பார்த்த மாதிரியே இல்லை" என்று எழுதியிருக்கிறார். இடைவெளியை போனின் இஷ்டத்துக்கு விட்டிருப்பீர்கள். பத்து நொடிக்கு ஒரு படம் எடுத்து, நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் நான்கு நிமிடம் ஒரு நொடியாகும். மூன்று மணி நேரப் பூ 45 நொடிக்கு வரும்.

அதே பத்து நொடிக் கணக்கில் எடுத்த படம் ஒன்று எனக்கு உயிர். ஆங்கிலேயரான கிறிஸ் வெல்ஸ்பி 1974இல் எடுத்த ‘செவன் டேஸ்’. தென்மேற்கு வேல்ஸில் கார்னிங்லி மலைச்சரிவு, ஒரு சிற்றோடை, அடுத்தடுத்து ஏழு நாள், சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை. மொத்தம் 20 நிமிடம், கதை கிடையாது.

சூட்சுமம் ஸ்டாண்டில். வானியல்காரர்கள் நட்சத்திரத்தைத் தொடர டெலஸ்கோப்பைப் பொருத்துவார்களே, அது. பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்து, பூமியின் வேகத்திலேயே எதிர்ப்பக்கம் சுழலும். அதில் கேமராவை ஏற்றினால் சூரியன் ஃப்ரேமை விட்டு நகராது. நேர் எதிரே திருப்பினால் கேமராவின் சொந்த நிழல் நகராது. வெல்ஸ்பி வைத்த விதி ஒன்றுதான்: மேகம் மறைத்தால் சூரியன் பக்கம், வெயில் அடித்தால் நிழல் பக்கம். மேகம் விட்டுவிட்டு ஓடினால் படம் வானம், புல், வானம் என்று துள்ளும். மூட்டம் போட்டால் தரைக்கு இறங்கவே இறங்காது. எடிட்டர் வேலையை வேல்ஸ் மேகங்கள் பார்த்துக்கொண்டன.

திண்ணைத் தூணின் நிழல் எந்தப் படியில் விழுகிறது என்று பார்த்து எங்கள் அத்தை மணி சொல்வாள். அவளுக்கு நிழல் நகரும், திண்ணை அசையாது. இங்கே நிழல் நிற்கிறது. தரை அதன் அடியில் நழுவுகிறது. முதல் தடவை பார்த்தபோது நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். பூமி சுற்றுகிறது என்று ஐந்தாம் வகுப்பில் எழுதி மார்க்கு வாங்கியவன்தான் நான்.

இப்போது கல்யாண மேடை அலங்காரம், மேம்பால டிராஃபிக், மாடித் தோட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான், ஒரே ஓட்டம். போனைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே டிவி பார்க்கப் போய்விடுகிறோம். வெல்ஸ்பியின் விதிப்படி வெயில் மாறும்போதெல்லாம் கேமராவைத் திருப்ப வேண்டும். ஏழு நாளும் பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். வேகத்தைவிட அந்த இருப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அடுத்த பூவுக்கு இடைவெளியை நீங்களே வையுங்கள். சார்ஜரையும் மாட்டிவிடுங்கள். போன வருஷம் நான் மறந்தேன். ஒன்பதரை மணிக்கு, இதழ் பாதி பிரிந்த நிலையில் போன் அணைந்தது. மீதியை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டாகிவிட்டது.