வெந்நீர் ஊற்றை நம்பி வாழும் தேரை

'கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளக்கிறான்' என்பது நம் முன்னோர் வாக்கு. உயிர் தரிக்க இயலாது என நாம் கருதும் இடத்திலும் ஓர் உயிர்க்கு வேண்டுவது கிடைத்துவிடுகிறது என்பது அதன் கருத்து. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பாலைநிலத்தில் வாழும் ஒரு சிறு தேரை இவ்வாக்குக்குக் கண்கூடான சான்றாகும். ஆனால் அதற்குரிய படி இனியும் அளக்கப்படுமா என்பது இன்று மனிதரின் முடிவைப் பொறுத்ததாகிவிட்டது.

அமெரிக்க மாநிலங்களுள் மழை மிகக் குறைந்தது நெவாடா. அங்கே ரீனோ நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், ஸ்டில்வாட்டர் மலைத்தொடரின் அடிவாரத்தில் டிக்சி பள்ளத்தாக்கு இருக்கிறது. சுற்றிலும் வறண்ட புதர்க்காடும் உப்புப் படிந்த வெளியுமே காணப்படும். அதனிடையே நிலத்தின் ஆழத்தில் சூடேறிய நீர், பாறைப் பிளவுகளின் வழியாக மேலெழுந்து ஊற்றுகளாகச் சுரக்கிறது. அந்நீரால் சுமார் 760 ஏக்கர் பரப்பில் கோரையும் நாணலும் அடர்ந்த ஈரநிலம் உருவாகியுள்ளது. டிக்சி பள்ளத்தாக்குத் தேரைக்கு உலகில் இதைத் தவிர வேறு வாழிடம் இல்லை.

முழு வளர்ச்சியடைந்த தேரையின் நீளம் ஐந்து சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆலிவ் நிற உடலில் பொன்னிறப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். மேற்கு அமெரிக்காவில் பரவலாக வாழும் தேரையினத்தின் ஒரு கூட்டமாகவே இது நெடுங்காலம் கருதப்பட்டது. உடலமைப்பையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த நெவாடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2017-ஆம் ஆண்டில் இதனைத் தனி இனமென அறிவித்து, 'அனாக்சிரஸ் வில்லியம்சி' எனப் பெயரிட்டனர். பண்டைக் காலத்தில் அப்பகுதியில் நிறைந்திருந்த ஏரிகள் வற்றியபோது, எஞ்சிய ஊற்றுகளின் ஓரம் ஒதுங்கிய தேரைகள் உறவினங்களிடமிருந்து பிரிந்து, பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்து வாழ்ந்து வந்துள்ளன.

பொதுவாகத் தேரைகள் இனப்பெருக்கக் காலத்தில் நீரை நாடும். மற்றக் காலங்களில் நிலத்தில் திரியும். கடுங்குளிரில் மண்ணுக்குள் பதுங்கும். டிக்சி தேரையோ ஆண்டு முழுவதும் நீரை விட்டு அகலுவதில்லை. அப்பாலையில் கோடை கொளுத்தும்; குளிர்காலத்தில் நீர் உறையும். குளிர் நெருங்க நெருங்க இத்தேரைகள் ஊற்றின் வெதுவெதுப்பான பகுதிகளைத் தேடிச் சேர்வதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். வசந்த காலத்தில் முட்டைகள் இடப்படுகின்றன. தலைப்பிரட்டைகள் உருமாறும் வரையில் நீரின் அளவும் வெப்பமும் பெரிதும் மாறாதிருக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், அந்த ஊற்றின் வெப்பமே இத்தேரைக்கு அளக்கப்படும் படி.

அதே வெப்பத்தை மனிதரும் நாடினர். புவிவெப்ப நீரை மேலே கொணர்ந்து, வெப்பத்தைப் பிரித்து மின்சாரம் ஆக்கி, ஆறிய நீரை மீண்டும் நிலத்துக்குள் செலுத்தலாம். இதில் புகைபோக்கி தேவையில்லை. இரவிலும் மின்சாரம் கிடைக்கும். டிக்சி பள்ளத்தாக்கில் 60 மெகாவாட் வரையிலான திட்டத்துக்கு அந்நாட்டு நில மேலாண்மைத் துறை 2021 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. நிலக்கரியைக் குறைக்க விரும்பும் எவரும் இத்தகைய திட்டத்தை எளிதில் புறந்தள்ள இயலாது.

ஆயினும், ஆழத்து நீரின் அழுத்தம் சிறிது மாறினாலும் மேலே உள்ள ஊற்று வற்றலாம், அல்லது குளிர்ந்துவிடலாம். அதே மாநிலத்தின் ஜெர்சி பள்ளத்தாக்கில் புவிவெப்ப மின்னுற்பத்தி தொடங்கிய சில ஆண்டுகளில் அங்கிருந்த வெந்நீர் ஊற்று வறண்டது. டிக்சி ஊற்றுகளைப் புனிதமாகப் போற்றும் ஃபாலன் பயூட்-ஷோஷோனி பழங்குடியினரும், ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் 2021 டிசம்பரில் நீதிமன்றத்தை அணுகினர். 2022 ஏப்ரலில் வனவுயிர்த் துறை, மிக அரிதாகவே பயன்படுத்தப்படும் அவசர அதிகாரத்தின்கீழ், இத்தேரையை 240 நாள்களுக்கு அருகிவரும் இனமாக அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அப்பாதுகாப்பு நிலையானது. இதற்கிடையே, திட்டத்தை 12 மெகாவாட்டாகக் குறைத்துக்கொள்ள நிறுவனமும் முன்வந்தது.

பட்டியலில் இடம்பெற்றதனால் மட்டும் ஒரு திட்டம் நின்றுவிடுவதில்லை. திட்டத்தால் அவ்வினம் அழியுமா என வனவுயிர்த் துறையைக் கலந்தாய்ந்த பின்னரே அரசுத் துறைகள் ஒப்புதல் அளிக்க வேண்டும் என்பதே சட்டத்தின் பயன். இத்தேரைக்கு வேறு இடர்களும் உண்டு. வெளியிலிருந்து வந்த காளைத் தவளைகள் அதனை இரையாக்குகின்றன. உலகெங்கும் தவளையினங்களை மாய்த்துவரும் கைட்ரிட் பூஞ்சையும் அருகிலேயே உள்ளது. தப்பிச் செல்ல மற்றோர் ஊற்று இல்லாத உயிர்க்கு ஒரு தவறே போதும்.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் புவிவெப்ப மின்னுற்பத்திக்கான முன்னோடித் திட்டத்துக்கு 2021-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டும் சாங்தாங் பீடபூமியின் ஈரநிலங்கள் அப்பகுதியிலேயே உள்ளன. தூய மின்சாரம் நமக்கு வேண்டும். வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்தக் கடன் கேட்டு வருவோரை எங்கள் கிளைகளும் மகிழ்ந்து வரவேற்கின்றன. ஆனால் எந்தக் கடனையும் இடரை ஆராயாமல் நாங்கள் வழங்குவதில்லை. ஆய்வு கடனுக்கு முன்னதாக நடைபெற வேண்டும். பின்னர் நடப்பது வெறும் கணக்கெடுப்பே. பண இழப்பைப் பிணையத்தைக் கொண்டு ஈடு செய்யலாம். மறைந்துபோன ஓர் உயிரினத்துக்கு ஈடாக வைக்கத்தக்க பிணையம் எந்த வங்கியிலும் இல்லை.

ஆகவே, நம் பகுதியில் ஒரு புதிய திட்டம் குறித்து மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், வாசகர்கள் தவறாது செல்ல வேண்டும். அங்கே எத்தனை மெகாவாட் என்று கேட்பதோடு, நீர் எங்கிருந்து வருகிறது, அந்நீரை நம்பி யார் யார் வாழ்கிறார்கள் என்பதையும் கேட்டறிய வேண்டும். தேரைக்கும் சேர்த்துப் படியளக்கும் பொறுப்பு இப்போது நம்மிடம் வந்துள்ளது.