பிறவிச் சுபாவமா, சமூகப் பதற்றமா?

"அவன் பிறவியிலேயே அப்படித்தான் டீச்சர், யார்கிட்டயும் பேச மாட்டான்." கிள்ளானோ பிரிக்பீல்ட்ஸோ, பெற்றோர் சந்திப்பில் இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தப் 'பிறவியிலேயே' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சமூகப் பதற்றக் கோளாறு எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு மாணவி சிற்றுண்டிச்சாலையில் நன்றாக அரட்டை அடிப்பாள். பேச்சுப் போட்டி மேடையில் மட்டும் கை நடுங்கும், குரல் அடைக்கும். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு இதைத் தனியாகக் குறிக்கிறது. இன்னொருவனுக்கோ மீ கோரெங் கேட்டு வாங்கவும் பயம், குழு வேலையும் பயம், பிறர் பார்க்கச் சாப்பிடவும் பயம். 1987 பதிப்பு இதைப் 'பொதுப்படையான' வகை என்றது.

குழப்பம் இந்த இரண்டாம் வகையில்தான். 'தவிர்க்கும் ஆளுமைக் கோளாறு' என்று ஒன்று உண்டு. 'நான் மட்டம், என்னை யாருக்கும் பிடிக்காது' என்ற எண்ணம் வேரூன்றி, ஏற்றுக்கொள்வார்கள் என்ற உறுதி இல்லாமல் யாரோடும் நெருங்காத நிலை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 1980 கையேட்டில் இது இருந்தால் சமூக அச்சம் என்று சொல்லக்கூடாது. 1987இல் இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்றார்கள். ஒரே கோளாறின் கடுமையான முனைதானா இது? நிபுணர்களிடையே விவாதம் ஓயவில்லை. நிபுணர்களுக்கே இப்படி என்றால், நாம் வகுப்பறையில் முத்திரை குத்தலாமா? பதினெட்டு வயதுக்குள் ஆளுமைக் கோளாறு என்று சொல்ல மருத்துவர்களே தயங்குவார்கள். ஓராண்டாவது அந்தப் போக்கு தொடர வேண்டும். 'சுபாவம்' என்று விட்டுவிட்டால், சிகிச்சையால் குறையக்கூடிய பயமும் கவனிக்கப்படாமல் போகும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளை அங்கே வாயடைத்துப் போனால், முதலில் மொழியைப் பாருங்கள். தமிழ் நண்பர்களிடம் கலகலவென்று பேசினால் அது மலாய்த் தயக்கமாக இருக்கலாம். சக வயதினரிடமும் ஆறு மாதம், அதற்கு மேலும் ஒதுங்கினால்தான் கவலை.

வாசிப்பிலிருந்து அடியோடு விலக்கு தராதீர்கள், பாவமாகத்தான் இருக்கும். விலக விலகப் பயம் கூடும். முதலில் உங்களிடம் மட்டும் வாசிக்கட்டும், பிறகு இரண்டு நண்பர்கள் முன்னால், பிறகு வகுப்பில். ஆலோசக ஆசிரியரிடம் அனுப்பும்போது 'கூச்சம்' என்று எழுதாமல், எங்கே, யார் முன்னால், எத்தனை மாதமாக, எதைத் தவிர்க்கிறான் என்று எழுதுங்கள்.