பழைய டிராக்டருக்குப் புது ரப்பர் வளையம்

உத்திரமேரூர்ப் பக்கம் ஏரி நிரம்பிச் சேடை ஓட்டும் நேரத்தில் பழைய டிராக்டர் நின்றுவிட்டால், பழி இஞ்சின் மேல்தான் விழுகிறது. சில சமயம் குற்றவாளி சுண்டுவிரல் பருமன் ரப்பர் வளையமாக இருக்கும். சென்னை செம்பியத்தில் 1960-களில் தயாரான மாஸி பெர்குசன் போன்ற வண்டிகளுக்கு இந்தச் சில்லறைச் சாமான்கள் எல்லாக் கடையிலும் கிடைத்துவிடுவதில்லை.

உடனே சைக்கிள் டியூபை வெட்டிப் போடுவது நம் வழக்கம். கிணற்று புட்வால்வுக்கு அது போதும். டீசல் குழாய்க்கு ஆகாது. டியூப் ரப்பர் டீசலை உறிஞ்சி ஊதும். துணுக்கு உதிர்ந்து பில்டரை அடைக்கும். அங்கே நைட்ரைல் ரப்பர் வேண்டும். சந்தேகமானால் ஒரு துண்டை மூன்று நாள் டீசலில் ஊறவைத்து, ஊறாத துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

வடிவம் சிக்கலானால் அச்சு செய்ய வேண்டும். பழைய உறுப்பு தேய்ந்தோ ஊதியோ இருக்கும். அதன் அளவை நம்பாமல், அது உட்காரும் இரும்புப் பகுதியை அளந்து கொடுக்கவும். கந்தகம் கலந்த ரப்பரை அச்சில் அழுத்தி, சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைப்பார்கள். ஆறியதும் நூற்றுக்கு இரண்டு பங்கு வரை சுருங்கும். லேத் பட்டறைக்காரரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. செலவு அச்சுக்குத்தான், ஒரே வண்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து செய்துகொள்ளலாம்.

பிரேக் வாஷர் மட்டும் கைவேலையில் வேண்டாம். பிரேக் எண்ணெய்க்கு நைட்ரைலும் ஒத்துவராது. மிச்ச வளையங்களை வெயில் படாமல், மடிக்காமல், மின்மோட்டாருக்குத் தள்ளி வைக்கவும்.